ஆர்டர் குறைந்தால் ஆட்களிடம் என்ன சொல்வது?

பூப்போட்ட தரை ஓடான ஆத்தங்குடி கல் செய்யும் உங்கள் பட்டறையில் ஆர்டர் பாதியாகிவிட்டது, ஆட்களிடம் உண்மையைச் சொல்வதா, ‘தையில் சரியாகிவிடும்’ என்று தெம்பூட்டுவதா என்று கேட்டிருந்தீர்கள். உண்மையையே சொல்லுங்கள். நாள் மட்டும் குறிக்காதீர்கள். வியட்நாமில் 1965 முதல் 1973 வரை சிறைப்பட்டிருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் ஸ்டாக்டேல், ‘கிறிஸ்துமஸுக்குள் விடுதலை’ என்று காத்திருந்தவர்களே மனமுடைந்து போனதாகச் சொன்னார். மீள்வோம் என்பதை அவர் கடைசிவரை நம்பினார்; அன்றைய நிலைமையையும் தன்னிடமிருந்து மறைத்துக்கொள்ளவில்லை.

கண்ணாடியில் சாயம் ஊற்றிப் பூ எடுக்கும் கை ஒரு மாதத்தில் பழகிவிடாது. அந்த ஆட்களை இழந்தால் நஷ்டம் பெரிது. அதனால் கையில் எவ்வளவு ஆர்டர், எத்தனை வாரக் கூலிக்குப் பணம் என்பதைச் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக்குபவர்களிடம் தரைப் பழுதுபார்ப்பு வேலை கேளுங்கள். அங்கே உங்கள் மூத்த கைவினைஞரையும் கூட்டிப் போங்கள்.