டேங்கில் பெட்ரோல் இருந்தும் நிற்கும் பழைய பைக்: டேப்புக்கு முன் மூடியைப் பாருங்கள்

கேள்வி: அப்பா ஓட்டிய ஆர்எக்ஸ் 100 ஒரு வருடமாக ஷெட்டில் கிடந்தது. இப்போது எடுத்து ஓட்டுகிறேன். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தாலும் நாலைந்து கிலோமீட்டரில் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து உதைத்தால் எடுத்துக்கொள்கிறது. பெட்ரோல் குறைந்திருந்த ஒருநாள் திம்பத்திலிருந்து இறங்கும்போது ரிசர்வில் போட்டும் நின்றது. கார்ப்பரேட்டரை இரண்டு தடவை சுத்தம் செய்தாயிற்று. டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பை மாற்றினால் சரியாகுமா?
வாசகர், கோபிச்செட்டிபாளையம்

பதில்: டேப்புக்குச் செலவு செய்யும் முன் டேங்க் மூடியைப் பாருங்கள். இந்த வண்டிக்குப் பெட்ரோல் பம்ப் கிடையாது. பெட்ரோல் தன் எடையால்தான் கீழே இறங்குகிறது. இறங்கிய அளவுக்கு மூடியிலுள்ள சின்னத் துளை வழியாகக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் சேர்ந்து பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும். நின்றபின் இண்டு இடுக்கில் காற்று கசிந்து உள்ளே போவதால்தான் பத்து நிமிடத்தில் மறுபடி எடுக்கிறது. ஃபுல் டேங்கில் காற்றுக்கு இடம் குறைவு என்பதால் இன்னும் சீக்கிரமே நிற்கும்.

அடுத்த தடவை நின்றதும் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று சத்தம் வந்து, உடனே வண்டி கிளம்பினால் கோளாறு மூடியில்தான். மெல்லிய செம்புக் கம்பியால் துளையைக் குத்தி, சைக்கிள் பம்பால் வெளியிலிருந்து காற்றடித்துப் பாருங்கள், உள்பக்கம் வர வேண்டும்.

அதிலும் சரியாகவில்லையென்றால் டேப்பிலிருந்து கார்ப்பரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள் (வெட்டவெளியில், இஞ்சின் ஆறியபின், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல்). லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 60 வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 25 மில்லிதான் குடிக்கும். மேடேறும்போது அதற்கு இரண்டு மூன்று மடங்கு. ஆகவே நிமிடத்துக்கு 150 மில்லி விழுந்தால் டேப்பைக் குறை சொல்ல முடியாது. ஆன், ரிசர்வ் இரண்டிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

ரிசர்வ் என்றால் தனி டேங்க் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லைங்க. டேப்பின் தலையில் டேங்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் ஒன்று, அதன் அடியில் வலை போட்ட துளை ஒன்று, அவ்வளவுதான். ஆனில் குழாயின் உச்சிக்கு மேலுள்ள பெட்ரோல் மட்டும் வரும். ரிசர்வில் அடித்துளை திறந்து மிச்சமும் வரும். டேங்க் நிறைய இருந்தும் ஆனில் சொட்டுச் சொட்டாக, ரிசர்வில் ஒழுங்காக வந்தால் குழாய் அடைப்பு. ஆனில் நன்றாக ஓடி, ரிசர்வுக்குத் திருப்பியதும் நின்றால் அடிவலையில் துரு. மூன்றாவது ஒன்று உண்டு, ஏமாற்றுவது அதுதான்: குழாய் அடியோடு உடைந்தோ கழன்றோ இருந்தால் ஆனிலேயே கடைசிச் சொட்டுவரை ஓடும். வண்டி நின்று ரிசர்வில் போட்டால் அங்கே ஒன்றும் இருக்காது.

திம்பத்து விஷயம் வேறு. பெரும்பாலான பைக்குகளில் டேப் டேங்கின் பின்பக்க அடியில் இருக்கும். மேடேறும்போது பெட்ரோல் அதன்மேல் வந்து நிற்கும், இறங்கும்போது முன்னே ஓடிவிடும். 27 கொண்டை ஊசி வளைவும் இறக்கம் என்றால், ரிசர்வில் கொஞ்சமாக இருக்கும் பெட்ரோலுக்கு டேப் எட்டாமல் போவது சகஜம். வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்குகிறவர்களுக்கும் இதே கதிதான். இன்னொன்று, டேங்க் ஃபிரேம் பைப்பின்மேல் இரண்டு பக்கமும் தொங்கும் அமைப்பு. டேப் இல்லாத பக்கத்துப் பெட்ரோல் நடு மேட்டைத் தாண்டி வராது. மூடியை இறுக்கி, வண்டியை டேப் உள்ள பக்கம் நன்றாகச் சாய்த்து நிமிர்த்தினால் பங்க் போய்ச் சேரும் அளவுக்குக் கிடைக்கலாம்.

ஒரு வருடம் கிடந்த டேங்க் என்பதால் உள்ளேயும் பார்த்தே ஆக வேண்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், அதாவது ரிசர்வ் துளை இருக்கும் இடத்திலேயே. ரிசர்வில் வைத்துக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் விடுங்கள். அடியில் தனி அடுக்கோ செம்மண் நிறத்தில் தூளோ தெரிந்தால் டேங்கைக் கழற்றிப் பெட்ரோலை முழுதும் வடித்துவிடுங்கள். டேப் துளையை ரப்பர் வைத்துத் தகடால் அடைத்து, வெள்ளை வினிகர் நிரப்பி ஒருநாள் விட்டுக் கொட்டுங்கள். லிட்டர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் சமையல் சோடா கலந்து அலசி, வெயிலில் காயவைத்து, உடனே 100 மில்லி பெட்ரோலில் கொஞ்சம் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இஞ்சின் ஆயில்) கலந்து உள்சுவரெங்கும் படும்படி சுழற்றுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் அன்று சாயங்காலமே புதுத் துரு பிடிக்கும்.

டேப்பைக் கழற்றினால் லீவருக்குப் பின்னாலுள்ள ஓட்டை போட்ட ரப்பர் வாஷரைப் பாருங்கள். எத்தனாலில் பழைய ரப்பர் உப்பி ஓட்டைகள் சுருங்கும், அல்லது கீறல் விழுந்து ஆஃபிலும் கசியும். வாஷர் செட் மாற்றினாலே பெரும்பாலும் போதும். கசிகிறதென்று சிலிக்கான் பேஸ்ட் பூச வேண்டாம். பெட்ரோலில் அது கொழகொழத்துப் போய் கார்ப்பரேட்டரின் சின்னத் துளையான ஜெட்டில் உட்காரும். அப்புறம் கார்ப்பரேட்டரை மூன்றாவது தடவையும் கழற்ற வேண்டிவரும்.

இரவில் டேப்பை ஆஃப் செய்யுங்கள். கார்ப்பரேட்டர் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் மிதவை ஊசி தேய்ந்திருந்தால் பெட்ரோல் கார்ப்பரேட்டரில் நிரம்பி வழியும், சிலசமயம் இஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள்ளும் இறங்கும், காலையில் உதைத்து உதைத்துக் கால்தான் வலிக்கும்.