இரண்டு ரோயிங் மெஷினை மட்டும் வைத்து ஊரில் முறையான போட்டி நடத்தலாமா? விதிகள் என்ன?

நடத்தலாம். முல்லைத்தீவுப் பக்கம் நாங்கள் நடத்தியிருக்கிறோம், அதேபோல இரண்டு மெஷினோடு. தெரியாதவர்களுக்கு: ஓடும் இருக்கையில் அமர்ந்து, கைபிடியை இழுத்து, தரையிலேயே படகு வலிப்பதுபோலப் பயிற்சி செய்யும் மெஷின் இது.

மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு விளையாட்டுக் கழகம், கனடாவில் இருக்கும் உறவினர் அனுப்பிய கொன்செப்ட்2 என்ற வகையில் இரண்டு மெஷின், நாற்பது பேர் வரை பெயர் கொடுப்பார்கள், அவர்களில் இரண்டு பேர் கால் இழந்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி விஷயத்தைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும். அதற்கு முன் அடிப்படை.

தூரம் 2000 மீற்றர். தண்ணீரில் நடக்கும் ஒலிம்பிக் படகோட்டத்தின் தூரம் அது, மெஷின் போட்டியும் அதையே எடுத்துக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பொஸ்டனில், குளிர்காலத்தில் ஆறு உறைந்து கிடக்கும்போது படகோட்டிகள் சிலர் தங்களுக்குள் வைத்துக்கொண்ட போட்டிதான் இதற்கெல்லாம் ஆரம்பம். உலகப் படகோட்டச் சம்மேளனம் இதற்கென்று உலக சம்பியன்ஷிப் நடத்தத் தொடங்கியது 2018இல். அதே 2018இல் ஆஸ்திரேலியரான ஜோஷ் டங்க்லி-ஸ்மித் 2000 மீற்றரை 5 நிமிடம் 35.8 செக்கனில் முடித்தார். நம் ஊரில் நன்றாகப் பயிற்சி எடுத்த பெடியன் ஒருவன் எட்டு நிமிடத்துக்குள் வந்தாலே நான் எழும்பி நின்று கைதட்டுவேன்.

இரண்டு மெஷினில் நாற்பது பேரை எப்படி நியாயமாக ஒப்பிடுவது என்ற கேள்வி எங்களுக்கும் இருந்தது. பதில் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. கைபிடியை இழுத்துவிட்டு முன்னால் போகும் அந்த இடைவெளியில், உள்ளே சுழலும் காற்றுச் சில்லு எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்று மொனிட்டர் ஒவ்வொரு இழுவைக்கும் அளக்கிறது. காற்றின் எதிர்ப்பை அதிலிருந்து கணக்கிட்டு, நீங்கள் கொடுத்த சக்திக்கு ஏற்ற தூரத்தைத் தருகிறது. அதனால் ஒரு மெஷின் பாரமாக இருக்கிறது, மற்றது லேசாக இருக்கிறது என்று தோன்றினாலும் நேரம் பிழையாகாது. 500 மீற்றருக்கு 2 நிமிடம் என்ற வேகத்தில் போனால் எந்த மெஷினிலும் ஏறக்குறைய 203 வாட்தான்.

ஆனால் பக்கத்தில் இருக்கும் 1 முதல் 10 வரையான நெம்புகோலை நம்பாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பத்தில் வைத்தால் வேகம் கூடும் என்று நினைக்கிறார்கள். அது காற்று உள்ளே போகும் வழியைத் திறக்கும் மூடி, அவ்வளவுதான். நம் பக்கத்துப் புழுதிக்கு அந்தச் சில்லுக் கூட்டின் வலை அடைபட்டுப் போகும். எங்கள் இரண்டு மெஷினில் ஒன்று 5இல் காட்டிய எதிர்ப்பை மற்றது 8இல்தான் காட்டியது. மொனிட்டரில் ‘மோர் ஆப்ஷன்ஸ்’ போய் ‘டிஸ்பிளே டிராக் ஃபாக்டர்’ என்பதை அழுத்தி, நாலைந்து தடவை இழுத்துப் பாருங்கள். அந்த எதிர்ப்பின் அளவைக் காட்டும் எண் ஒன்று வரும். பயிற்சியாளர்கள் பொதுவாக 110க்கும் 130க்கும் இடையில் வைக்கச் சொல்வார்கள். போட்டியாளர் தனக்குப் பிடித்த எதிர்ப்பை வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை. தொடங்கும் முன் அதைப் பார்த்துச் சரிசெய்ய ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் கொடுக்கவேண்டும் என்பதை மட்டும் விதியாக எழுதிவையுங்கள்.

தொடக்கத்தில் இரண்டு முறை உண்டு, எதை எடுக்கிறீர்கள் என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள். ஒன்று, மெஷின்களை லப்டொப்போடு இணைத்து எர்க்ரேஸ் என்ற மென்பொருளால் நடத்துவது. திரையில் ‘சிட் ரெடி’, பிறகு ‘அட்டென்ஷன்’, பிறகு ‘ரோ’ என்று வரும். கடைசிச் சொல் வருமுன் சில்லு அசைந்தால் அது பிழையான தொடக்கம், மென்பொருளே பிடித்துவிடும். முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை வெளியே என்பது எங்கள் விதி. ‘அட்டென்ஷன்’ வந்தபின் ‘ரோ’ எத்தனை செக்கனில் வரும் என்று எண்ணிக்கொண்டு இருக்கவேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

மற்றது, லப்டொப் இல்லாமல் தனித்தனியாக நேரம் எடுப்பது. ‘செலக்ட் வேர்க்கவுட்’, ‘ஸ்டாண்டர்ட் லிஸ்ட்’, அதில் 2000 மீற்றர். இதில் போட்டியாளர் முதல் இழுவையைத் தொடங்கும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆகவே யார் முந்தினார், யார் பிந்தினார் என்ற சண்டையே வராது. முதல் தடவை நடத்துகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சில்லு முழுதாக நின்றபிறகுதான் தொடங்கவேண்டும், தூரம் குறிக்காமல் சும்மா இழுக்கும் ‘ஜஸ்ட் ரோ’வில் தொடங்கக் கூடாது, ஓட்டம் முடியும்வரை போட்டியாளரோ மற்றவரோ மொனிட்டரைத் தொடக்கூடாது. இந்த மூன்றும் போதும்.

தொடக்கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் முதல் போட்டியில் நேரம் குறிக்கும் பொறுப்பை ஒருவரிடமே கொடுத்திருந்தோம். பதினேழு வயதுப் பெடியன் ஒருவன் 7:41.2 இல் முடித்தான். கொப்பியில் அவசரமாக எழுதப்பட்ட 1, கொம்பு வைத்து 7 போலத் தெரிந்தது. பெரிய தாளில் பெயர்த்து எழுதியவர் 7:47.2 என்று எழுதிவிட்டார். அதற்குள் அடுத்தவருக்காக மொனிட்டரின் மெனுவை அழுத்தியாயிற்று. 7:44 எடுத்த பிள்ளைக்குக் கிண்ணம் போனது. அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை, கையில் இருந்த துவாயை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான். பின்னேரம் மெஷினைக் கழற்றி வைக்கும்போது மொனிட்டரின் ஞாபகத்தில் பழைய ஓட்டங்களைப் பார்த்தேன். 7:41.2 அப்படியே இருந்தது. அன்று இரவே அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கிழமை இன்னொரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தோம். ஆனால் எல்லார் முன்னாலும் வாங்கவேண்டிய நேரத்தில் வாங்கவில்லையே, அதை நான் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அதற்குப் பிறகு எங்கள் முறை இதுதான். ஓட்டம் முடிந்ததும் போட்டியாளர் கைபிடியை மெதுவாகக் கொண்டுபோய்க் கொக்கியில் வைக்கவேண்டும், எறியக்கூடாது. நடுவர் நேரத்தை உரத்து வாசிப்பார், போட்டியாளர் திரையைப் பார்த்து ஆம் என்பார், எழுதுகிறவர் எழுதுவார், இன்னொருவர் திரையைக் கைபேசியில் படம் எடுப்பார். பிறகுதான் மெனு. பத்தில் ஒரு செக்கன் வரை எழுதுங்கள். அது சமமாக இருந்தால் இருவருக்கும் ஒரே இடம்.

நேர அட்டவணையில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இரண்டு மெஷின், நாற்பது பேர் என்றால் இருபது சுற்று. ஓடுவது, வியர்வை துடைப்பது, கால்பலகையைச் சரிசெய்வது எல்லாம் சேர்த்து ஒரு சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் என்று வையுங்கள். ஐந்து மணித்தியாலம் போகும். காலை ஆறு மணிக்கு இருக்கும் வன்னி வேறு, பதினொரு மணிக்கு இருக்கும் வன்னி வேறு. மெஷின் சூட்டுக்கு ஈடுகொடுக்கும், உடம்பு கொடுக்காது. ஒரு பிரிவில் போட்டியிடுகிறவர்கள் எல்லாரும் அடுத்தடுத்த சுற்றுகளில் ஓடும்படி போடுங்கள். பெண்கள் பிரிவு சனி விடியல், ஆண்கள் பிரிவு ஞாயிறு விடியல் என்று பிரித்தால் இன்னும் நல்லது. முதல் தடவை 1000 மீற்றர் வைத்தாலும் குறைவில்லை.

பிரிவுகள் பற்றி. பெரிய போட்டிகளில் ஆண், பெண், வயது, அதற்குள் லேசு எடைப் பிரிவு என்று உண்டு. லேசு எடைக்கு ஆண் 75 கிலோ, பெண் 61.5 கிலோ உச்சம். போட்டி நாளில் ஓட்டத்துக்கு முன் தராசில் ஏறவேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்கு இந்தப் பிரிவை வைக்காதீர்கள். அரைக் கிலோ குறைக்க ஒரு பிள்ளை முதல் நாள் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து நின்றதைப் பார்த்தபிறகு நாங்கள் தராசையே எடுத்து வைத்துவிட்டோம். நம் வெயிலில் அது உயிரோடு விளையாடும் வேலை. நெஞ்சு நோ, மூச்சிழுப்பு, பிரஷர் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சிறுவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்துக் கட்டாயம். முடித்தவுடன் படுக்க விடாமல் ஐந்து நிமிடம் மெதுவாக இழுக்கவோ நடக்கவோ வையுங்கள்.

இனிக் கால் இழந்தவர்கள். வன்னியில் விதி எழுதுகிறவர் இதைக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். எங்கள் வீதிகளில், எங்கள் வயல்களில் எத்தனை பேர் அப்படி நடக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். இந்த மெஷின் அவர்களுக்கு மிகவும் பொருந்தும், ஏனென்றால் விழப் பயமில்லை.

உலகப் படகோட்டத்தில் உடல் இயலாமை உள்ளவர்களுக்கு மூன்று வகுப்பு, ‘பாரா ரோயிங்’ என்பதன் சுருக்கமாகப் பிஆர் என்பார்கள். பிஆர்1 என்பது தோளும் கையும் மட்டும் இயங்குகிறவர்களுக்கு. இருக்கை அசையாது, நெஞ்சுப் பக்கம் பட்டியும் உண்டு. பிஆர்2இல் இடுப்புக்கு மேல் உடம்பும் இயங்கும், இருக்கை அசையாது. பிஆர்3இல் காலும் ஓரளவு இயங்கும், இருக்கை வழமைபோல ஓடும். தூரத்தைப் பாதியாக்கி இரக்கம் காட்டவேண்டாம். முன்பு பாராலிம்பிக்கில் படகோட்டம் 1000 மீற்றராக இருந்தது, டோக்கியோவிலிருந்து அவர்களுக்கும் 2000தான். அதிகாரபூர்வமாக வகுப்புப் பிரிக்கப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். ஊர்ப் போட்டியில் இருக்கை அசைகிறதா, அசையாததா என்று இரண்டாகப் பிரித்தாலே போதும்.

எங்களிடம் வந்த அண்ணை ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். முந்தி நந்திக்கடலில் வள்ளம் வலித்தவர், தோள் அப்படியே தேக்குப் பலகை. அமர்ந்தார், இழுத்தார், முன்னால் வரும்போது பாதியில் நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். நம் பாதத்தில் கணுக்கால் மடியும், முன்னால் வரும்போது குதி தானாக எழும்பும். செயற்கைப் பாதம் மடியவில்லை, குதி பலகையோடு ஒட்டி நின்று முழங்காலைத் தடுத்தது. அந்தப் பக்கக் குதியின் கீழ் ஒரு மரக்கட்டையைச் சரிவாகச் சீவி வைத்து, பட்டியைப் பாதத்தின் நடுவில் கட்டினோம். அடுத்த இழுவையில் நீளம் கிட்டத்தட்ட ஒரு சாண் கூடியது. ‘தம்பி, இப்ப சரி’ என்றார். அன்றைக்கு எங்கள் விதித் தாளில் ஒரு வரி கூடியது: உடம்பை மெஷினோடு பொருத்த உதவும் கட்டை, பட்டி, தலையணை எதுவும் வைத்துக்கொள்ளலாம், அது கைபிடியையோ சில்லையோ இழுக்க உதவாதவரை. பட்டி கட்டினால் ஒரே இழுப்பில் கழறவேண்டும், பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும்.

அவர் தொடக்கத்தில் வள்ளத்தில் வலிப்பதுபோலவே நிமிடத்துக்கு நாற்பது இழுவை போனார், 600 மீற்றரில் மூச்சு முட்டியது. அடுத்த முறை இருபத்தாறுக்கு இறக்கினார், நேரம் குறைந்தது. புதியவர்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லுங்கள். முதல் 500 மீற்றரில் வேகத்தை அடக்கிக்கொள்கிறவர் கடைசி 500இல் மற்றவர்களைப் பிடிப்பார்.

கழகங்களுக்கு இடையில் அஞ்சலோட்டம் வைத்தால் சனம் சேரும். நாலு பேர், ஆளுக்கு 500 மீற்றர், ஒரே மெஷின். மாறும்போதும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே காலைப் பட்டியில் கட்டவேண்டாம், இருவர் பாதத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அனுமதியுங்கள். சீமெந்துத் தரையில் மெஷின் வழுக்கும், கீழே றப்பர் விரிப்புப் போடுங்கள். மொனிட்டருக்கு இரண்டு பெரிய பற்றரி கைவசம் இருக்கட்டும்.

அசையாத இருக்கை ஒன்று வெல்டிங் கடையில் சொல்லிச் செய்து வைத்திருக்கிறோம், முதுகுச் சாய்வோடு. மெஷினில் இருக்கை ஓடும் தண்டவாளத்தில் நாலு ஆணியில் பூட்டலாம், உங்கள் மெஷினும் அதே வகை என்பதால் பொருந்தும். திகதி முடிவானால் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், ஏ9 பஸ்ஸில் போட்டு விடுகிறேன். போட்டி முடிந்ததும் திருப்பி அனுப்பினால் சரி, அண்ணைக்கு அதுவரை பயிற்சி ஒன்றும் தடைப்படாது, அவருடைய மெஷினில் இருக்கை ஓடும்தானே.