பாலைவனப் பூங்காவும் அதன் வேலியும்

அன்புள்ள ஐயா,

டிசம்பரில் குடும்பத்துடன் ஜெய்சல்மேர் சென்றிருந்தோம். பாலைவனத் தேசியப் பூங்காவுக்கு ஒருநாள் ஒதுக்கினோம். மணற்குன்றுகளை நினைத்துப் போனால், பெரும்பாலும் புல்லும் முள்ளுமான பொட்டல்தான். உள்ளே சுதாசரி என்ற இடத்தில் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு வெளியே, பூங்கா எல்லைக்குள்ளேயே ஊர்களும் வயல்களும் ஆட்டுமந்தைகளும். கானமயில் (Great Indian Bustard) என்ற பெரிய பறவை கண்ணில் படவே இல்லை. அழிந்துகொண்டிருக்கும் பறவைக்காக ஒதுக்கிய இடத்தில் ஆடுமாடுகளை ஏன் விடுகிறார்கள்? ஊர்களை இடம் மாற்றிவிட்டு முழுப் பூங்காவுக்கும் வேலி போட்டுவிட்டால் என்ன?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

பறவையைப் பார்க்காமல் திரும்பிய ஏமாற்றம் புரிகிறது. ஆனால் ஊர்களை அகற்றும் யோசனையை என்னால் ஏற்கவே முடியாது.

ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரந்த நிலம் அது. 1980இல் அறிவிக்கப்பட்டது. பெயர் தேசியப் பூங்கா என்றாலும் சட்டப்படி இன்றுவரை அது சரணாலயம்தான். தேசியப் பூங்காவாக வேண்டுமென்றால் உள்ளே வாழ்பவர்களின் நில உரிமை, மேய்ச்சல் உரிமை எல்லாவற்றையும் தீர்த்துவைக்க வேண்டும். எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் உள்ளே இருக்க, அந்த வேலை முடியவே இல்லை. சாலை போட, மின்சாரம் கொண்டுவர என்று எதற்கும் வனத்துறை அனுமதி வேண்டும். ஒரு தலைமுறைக்கு மேல் இப்படியே போனால் பூங்கா என்ற பேச்சை எடுத்தாலே ஊர்க்காரர்களுக்குக் கசக்கத்தான் செய்யும். நிர்வாகத்தின் மிகப் பெரிய தோல்வியாக நான் நினைப்பது இதைத்தான். அந்தப் பறவையின் முட்டை எங்கே கிடக்கிறது, எந்தப் பக்கம் நாய்கள் திரிகின்றன என்று முதலில் அறிபவர் ஆடு மேய்ப்பவர். அவர் பகையாகிவிட்டால் அத்தனை பெரிய பொட்டலை எத்தனை காவலர்கள் சுற்றிவர முடியும்?

ஆடுமாடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆண்டுக்கு 20 செ.மீ. மழைகூட உறுதியில்லாத மண்ணில் சேவண் புல் ஆழ வேரோடி நிற்கிறது. அந்தப் புல்லைத் தின்று வளர்ந்தவைதான் தார்பார்க்கர் மாடுகள். கானமயில் அடர்காட்டுப் பறவை அல்ல. ஆண் பறவை துணையை அழைத்து ஆடுவதற்குத் திறந்த, குட்டைப்புல் வெளி வேண்டும். இரை தேடி வயல்களுக்கும் தரிசுக்கும் நடந்து போகும். மந்தை அளவு மீறினால் புல் அழியும், உண்மை. அளவோடு மேயும் மந்தையும் இந்தப் பறவையும் நெடுங்காலம் ஒரே நிலத்தில் வாழ்ந்தவை.

வேலியும் வீண் இல்லை. கானமயில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும், அதுவும் வெறுந்தரையில். நாயும் நரியும் வராத அடைப்புக்குள் அது பிழைக்கும். சுதாசரி வேலி அதற்காகப் போட்டதுதான். வளர்ந்த பறவை வேலியைத் தாண்டிப் பறக்கும், அங்கேதான் ஆபத்து. பூங்காவுக்குக் கிழக்கே ராம்தேவ்ரா, பொக்ரான் ராணுவப் பயிற்சிக் களம் வரை இந்தப் பறவைகள் வாழ்கின்றன. இடைப்பட்ட வெளியெங்கும் காற்றாலை, சூரிய மின்நிலையங்களின் உயரழுத்தக் கம்பிகள். கானமயிலுக்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே உள்ளது சரியாகத் தெரியாது. 15 கிலோ வரை எடை உள்ள உடம்பைக் கடைசி நொடியில் திருப்பவும் முடியாது. பூங்காவிலும் அதைச் சுற்றியும் 4,200 சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் மின்கம்பிகளால் சாகின்றன என்று இந்திய வனவுயிர் நிறுவனம் மதிப்பிட்டது. எல்லா இனங்களும் சேர்ந்த கணக்கு அது. கானமயில்களோ எல்லாம் சேர்த்தே இருநூறைத் தொடாது. 2021 ஏப்ரலில் கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது உச்ச நீதிமன்றம். அரசு முறையிட்டபின் 2024 மார்ச்சில் அந்த ஆணை தளர்ந்து, விஷயம் நிபுணர் குழுவிடம் போனது. சூரிய மின்சாரம் நமக்கு வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. எந்த வழியில் கம்பி போகிறது என்பதுதான் கேள்வி.

இதில் எனக்கு அதிகம் வலிப்பது ஓரண்கள். நம்மூர்க் கோயில்காடு போலத் தெய்வத்துக்கு விடப்பட்ட மேய்ச்சல் நிலம் ஓரண். மந்தை மேயலாம், மரத்தை வெட்டக் கூடாது. பூங்காவுக்கும் பொக்ரானுக்கும் இடையில் இருக்கும் தேக்ராய் ஓரணில் வன்னி மரங்களும் புல்லும் ஊர்க்காரர்களின் கட்டுப்பாட்டால் நின்றவை. பல ஓரண்கள் வருவாய்க் கணக்கில் தரிசு என்று இருப்பதால் மின்நிறுவனங்களுக்குக் கொடுப்பது எளிதாகிவிடுகிறது. கம்பியில் மோதி கானமயில் செத்துக் கிடந்த இடங்களில் தேக்ராயும் ஒன்று. ஓரண்களைக் காக்கச் சொல்லி மேய்ப்பர்கள் நெடுந்தூரம் நடந்து ஊர்வலம் போகிறார்கள். நீங்கள் வெளியேற்றச் சொல்வது இவர்களைப் போன்றவர்களைத்தான்.

சாம் என்ற ஊரில் 2019 முதல் இனப்பெருக்க மையம் நடக்கிறது. வெளியில் எடுத்த முட்டைகளைப் பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலில் முதல் குஞ்சும் பிறந்தது. அசாத்தியமான உழைப்பு. அந்தக் குஞ்சுகளின் வழித்தோன்றல்களை ஒருநாள் வெளியே விடுவார்கள். அன்றைக்குப் புல்வெளி இருக்க வேண்டும், கம்பி இருக்கக் கூடாது, மேய்ப்பவர் நம் பக்கம் இருக்க வேண்டும்.

மறுபடி போனால் ஜெய்சல்மேர் விடுதி ஏற்பாடு செய்யும் வண்டியை விட்டுவிட்டு, பூங்காவுக்குள் இருக்கும் ஊர் ஒன்றிலிருந்தே வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். கூலி அந்த ஊருக்குள் போகும்.