தெளிந்த ஓடையில் ஏன் ஒரு பூச்சியும் இல்லை?

டீச்சர், தரம் 5 பிள்ளைகளோடு தெளிந்த ஓடையில் வலை போட்டும் ஒரு பூச்சியும் அகப்படவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஓடை செத்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் வலை போட்டது தேங்கிய குழியில். அதனால்தான் பிள்ளைகளுக்கு ஒன்றும் அகப்பட்டிருக்காது.

கணுக்கால் ஆழத்தில் சலசலத்து ஓடும் இடத்தில் ஒரு கல்லை மெதுவாகத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். மூன்று வாலோடு தட்டையாக ஒட்டியிருக்கும் குட்டிப் பூச்சிகள், மணலால் கூடு கட்டிய புழுக்கள் தெரியலாம். வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் தண்ணீரோடு விட்டால் வயிற்றோரச் செவுள் அசைவதுகூடத் தெரியும். அப்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! அப்புறம் கல்லை அதே இடத்தில் வைக்கட்டும்.

அங்கும் இல்லையா? லயத்துக்கும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) தேயிலைக் கானுக்கும் (தேயிலை மலையின் வடிகால்) மேலே போய்த் தேடுங்கள். மேலே மட்டும் இருந்தால், இடையில் சவர்க்கார நீரோ புல் கொல்லும் மருந்தோ கலக்கலாம்.

பெருமழை பெய்திருந்தால் சில வாரம் பொறுங்கள், வெள்ளம் பூச்சிகளை அடித்துப் போயிருக்கும். மலைப்பக்கம் மழை இருட்டினால் திடீர் வெள்ளம் வரலாம், பிள்ளைகளை ஓடையில் இறக்கவே வேண்டாம்.