கார்சியா என்ற குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது? ஏன் இத்தனை பேருக்கு இருக்கிறது?

ஸ்பெயினில் மிக அதிகமானோர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் இதுதான். ஆனால் அதன் வேர் ஸ்பானிய மொழியில் இல்லை என்பதே எனக்குப் பெரும் வியப்பு. ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லையிலுள்ள பைரனீஸ் மலையடிவாரத்தில் வாழும் பாஸ்க் மக்களின் மொழியிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. கரடியைக் குறிக்கும் 'ஹார்ட்ஸ்' என்கிறார்கள் சிலர்; இளையவன் என்னும் பொருள்படும் 'காஸ்தே' என்கிறார்கள் வேறு சிலர்.

முதலில் இது ஆளின் பெயர். 9ஆம் நூற்றாண்டிலேயே வட ஸ்பெயினிலுள்ள பாம்ப்லோனாவை கார்சியா என்ற பெயருடைய மன்னர் ஆண்டார். சாஞ்சோவின் மகன் சாஞ்சஸ், ரோட்ரிகோவின் மகன் ரோட்ரிகஸ் என்று 'எஸ்' விகுதி சேர்ந்து பல குடும்பப் பெயர்கள் பிறந்தன. நம் தலைப்பெழுத்தைப் போல அவையும் தந்தையைச் சுட்டியவைதான். பின்னர் தலைமுறைகளுக்கும் நிலைத்துவிட்டன. கார்சியாவோ பெரும்பாலும் விகுதி ஏற்காமல் அப்படியே குடும்பப் பெயராகிவிட்டது.

ஒரே முன்னோரின் வழித்தோன்றல்களாக இவர்களை எண்ணிவிட வேண்டாம். அந்தப் பெயருடைய எத்தனையோ தந்தையரிடமிருந்து தனித்தனியாகக் கிளைத்த குடும்பங்கள் இவை. பின்னர் ஸ்பானியக் குடியேற்றம் அதை மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை கொண்டு சென்றது. பிலிப்பைன்ஸிலும் இது பரவலான பெயர். அங்கே 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா, மக்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள ஆணையிட்டார்.

அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்சியாக்கள் இருந்தார்கள். ஸ்மித், ஜான்சன் போன்ற பெயர்கள் நிறைந்த பட்டியலில் அதற்கு 6ஆம் இடம்.