சான்றிதழை மட்டும் பார்த்து அம்மாவை விடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு ஆள் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மனசே இல்லாமல் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறோம். அதிகாரிகள் ஆய்வு செய்து கொடுத்த சான்றிதழை வாசலிலேயே மாட்டியிருக்கிறார்கள். “அவர்களே சரி என்று சொல்லிவிட்டார்கள், கவலையே வேண்டாம்” என்கிறார் மேலாளர். நம்பலாமா?
– ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, சான்றிதழைப் பார்த்தீர்கள், சரி. அடுத்ததாக ஆய்வறிக்கையைக் கேளுங்கள். என்னென்ன குறை கண்டார்கள், எப்போதுக்குள் சரிசெய்யச் சொன்னார்கள், மறுபடி வந்து பார்த்தார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். குறையே எழுதப்படாத இல்லம் அபூர்வம். நாலு குறை எழுதப்பட்டு நாலையும் சரிசெய்த இல்லத்தை நான் தைரியமாக நம்புவேன். அறிக்கையைக் காட்டத் தயங்குகிற இடத்தை நம்ப மாட்டேன். ஆய்வுக்குச் சொல்லிவிட்டு வந்தார்களா, சொல்லாமல் வந்தார்களா என்றும் கேளுங்கள். நாள் குறித்து வந்தால் அன்றைக்கு எல்லாப் பணியாளர்களும் இருப்பார்கள், தரையும் பளிச்சென்று இருக்கும்.

எனக்குப் பெரிய கவலை ராத்திரிதான். பகலில் பத்துப் பேர் நடமாடும் இடத்தில் இரவில் இரண்டே பேர் இருக்கலாம். மேலாளரிடம் நேராகவே கேளுங்கள்: “நடு ராத்திரி தீப்பிடித்தால் என் அம்மாவை யார், எந்த வழியாகக் கொண்டுபோவார்கள்?” தீயணைப்பானைக் கைகாட்டினால் அது பதிலே இல்லை. நடக்க முடியாதவர்களைப் படியில் இறக்குவதற்கு முன், அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோவதுதான் முறை. அந்தக் கதவு புகையைத் தடுத்து நேரம் வாங்கித் தரும். தீ விபத்தில் நெருப்பைவிடப் புகைதான் அதிகம் பேரைக் கொல்கிறது. காற்று வரட்டும் என்று அந்தக் கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பல இடங்களில் வைத்திருப்பார்கள். இரவுப் பணியாளர்களை வைத்து ஒத்திகை எப்போது நடந்தது என்பதையும் கேளுங்கள்.

அடுத்தது வெந்நீர். லெஜியோனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் பெருகி, கடுமையான நிமோனியாவைக் கொடுக்கும். அதனால் தொட்டியில் 60 டிகிரி சூடு வைக்கிறார்கள். அதே சூட்டில் குழாயில் வந்தால், வயதானவர்களின் மெல்லிய தோல் சில விநாடிகளில் வெந்துவிடும். குளிக்கிற இடத்தில் 44 டிகிரியைத் தாண்டக் கூடாது. அளந்து எழுதும் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். ஒரு மாதம் முழுக்க ஒரே எண், ஒரே பேனா, ஒரே சாய்வு என்று இருந்தால் அது உட்கார்ந்த இடத்தில் எழுதியது. மருந்துப் பதிவேட்டையும் இதே கண்ணோடு பாருங்கள்.

சேர்த்த பிறகு ஆய்வாளர் நீங்கள்தான். சொல்லாமல் போங்கள், விடுமுறை நாளில், சாயங்காலத்தில் போங்கள். அழைப்பு மணி அம்மாவின் கைக்கு எட்டுகிறதா? அழுத்தினால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது? குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பாருங்கள்; படுக்கைப் புண் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு மாறாமல் இருந்தால் அன்றே செவிலியரிடம் சொல்லுங்கள். எடையை மாதாமாதம் கேளுங்கள். 50 கிலோ இருப்பவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

புகார் சொன்னால் அம்மாவிடம் கோபத்தைக் காட்டிவிடுவார்களோ என்று பலர் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் பேசாமல் இருந்தால் கஷ்டப்படுவது அம்மாதான். தேதி போட்டு எழுதி, முடிந்தால் படமும் எடுத்து, முதலில் மேலாளரிடம் கொடுங்கள். அசையவில்லை என்றால் அந்தச் சான்றிதழைக் கொடுத்த துறைக்கே எழுதுங்கள். உங்கள் பெயரை இல்லத்துக்குச் சொல்ல வேண்டாம் என்று கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.