உப்புத் தண்ணீர்க் கேள்விகள்: புது மீனும் தனித்தொட்டியும்

போன இதழில் 'புது மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடாதீர்கள்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதி வைத்தேன். முதலில் ஒரு சின்னத் தனித்தொட்டியில் சில வாரம் வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே விட வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: நீங்கள் சொன்னபடி தனியாகத்தான் விட்டேன், அங்கேயே செத்துப்போச்சு. சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: கொளத்தூரில் ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கி, இரண்டடித் தொட்டியில் புதிதாக உப்புத் தண்ணீர் கலந்து, புது ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டு விட்டேன். மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டன. நாலாம் நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின, ஐந்தாம் நாள் காலை இரண்டும் போய்விட்டன. உடம்பில் ஒரு புள்ளி கூட இல்லை, தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருந்தது. என்ன நோய்?
*வாசகி, வேளச்சேரி*

பதில்: நோயே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தண்ணீர். 'கண்ணாடி மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்கள், விஷமான அம்மோனியாவுக்கு நிறமும் கிடையாது, கலங்கலும் கிடையாது. மீன் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் செவுள் வழியாக அதை விட்டுக்கொண்டே இருக்கும், சாப்பிட்டால் இன்னும் அதிகம். பெரிய தொட்டியில் கல்லிலும் மணலிலும் குடியிருக்கும் பாக்டீரியா அதைத் தின்றுவிடும். நீங்கள் வைத்ததோ புதுத் தொட்டி, புதுத் தண்ணீர், புது ஸ்பாஞ்ச். கடையிலிருந்து பிரித்த ஸ்பாஞ்ச் வெறும் பஞ்சுதான், அது ஃபில்டர் ஆக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டடித் தொட்டியில் ஐம்பது லிட்டர் பிடித்தாலே அதிகம், அதில் இரண்டு மீன் மூன்று நாள் வயிறாரச் சாப்பிட்டால் நாலாம் நாள் நடப்பது நீங்கள் பார்த்ததுதான்.

வெல்வெட் நோயாக (தூள் தூவினாற்போலப் புள்ளி விழும் ஒட்டுண்ணி நோய்) இருக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அதுவும் புள்ளி தெரிவதற்கு முன்பே செவுளைத்தான் பிடிக்கும், நாலைந்து நாளில் முடித்தும் விடும், அதனால் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வெல்வெட் வந்த மீன் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, பம்ப் தண்ணீர் பாய்கிற இடத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும், லைட்டைப் போட்டால் ஒதுங்கும். உங்களுடையவை மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டிருக்கின்றன. நாலாம் நாள் ஒரு அம்மோனியா டெஸ்ட் எடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்த முறைக்கு: இன்றைக்கே ஒரு ஸ்பாஞ்சை வாங்கி உங்கள் பெரிய தொட்டியின் சம்ப்பில் (தண்ணீர் வடிகட்டப்படும் கீழ்த் தொட்டியில்) போட்டுவிடுங்கள். நாலு முதல் ஆறு வாரம் அங்கேயே கிடக்கட்டும். மீன் வாங்கப் போகிற நாளில்தான் அதை எடுத்துத் தனித்தொட்டியில் மாட்ட வேண்டும். எடுத்ததும் குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், அதில் இருக்கும் குளோரின் ஆறு வார வேலையை ஒரே நிமிடத்தில் காலி பண்ணிவிடும். சாப்பாடு கொஞ்சமாக, மிச்சத்தைப் பத்து நிமிடத்தில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். டெஸ்ட் தினமும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், டியூப் லைட்டில் மஞ்சளா இளம்பச்சையா என்று யாராலும் சொல்ல முடியாது, நான் அதில் பலமுறை ஏமாந்திருக்கிறேன். கொஞ்சம் பச்சை தெரிந்தாலும் அன்றே பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. ஆக, கலந்து வைத்த உப்புத் தண்ணீர் ஒரு டிரம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்: பத்து லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு ஏறத்தாழ 350 முதல் 380 கிராம் ரீஃப் சால்ட் (கடல் மீன் தொட்டிக்கான உப்பு), பவர் ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்ப்) போட்டு ஒரு ராத்திரி ஓட விட்டது. அவசரத்துக்குக் கலந்து அப்படியே ஊற்றுவது இன்னொரு கதை, அதை இப்போது ஆரம்பிக்க வேண்டாம்.

டெஸ்டில் நைட்ரைட் (பாக்டீரியா அம்மோனியாவை மாற்றும்போது வருவது) காட்டுகிறதே என்று அலற வேண்டாம். கடல் நீரில் இருக்கும் குளோரைடு அது செவுளில் நுழைவதைத் தடுத்துவிடுகிறது, நன்னீர் மீனுக்கு அது செய்கிற கெடுதல் இங்கே இல்லை.

கேள்வி: மும்பையிலிருந்து ஆன்லைனில் மீன் வரவழைத்தேன். பையைத் திறந்து வாளியில் கொட்டி, சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சேர்த்தேன். எல்லா வீடியோவிலும் அப்படித்தான் செய்கிறார்கள். மீன் வாளியிலேயே சாய்ந்துவிட்டது.
*வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: பக்கத்துக் கடையில் வாங்கி அரை மணியில் வீட்டுக்கு வந்த மீனுக்கு அந்த முறை தவறில்லை. ஒரு நாள் பையில் கிடந்து வந்த மீனுக்கு அதுதான் எமன். மூடிய பைக்குள் மீன் விட்ட மூச்சு கார்பன் டை ஆக்ஸைடாகச் சேர்ந்து பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண், அமிலம் கூடினால் குறையும்) இறங்கியிருக்கும். அம்மோனியாவும் சேர்ந்திருக்கும், ஆனால் பி.எச். குறைவாக இருப்பதால் அது பெரும்பாலும் மீனைத் தொடாத வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்தீர்கள், கார்பன் டை ஆக்ஸைடு பறந்துவிட்டது, நீங்கள் சொட்டுவிட்ட 8.2 பி.எச். தண்ணீரும் சேர்ந்துகொண்டது. பி.எச். ஒரு எண் ஏறினால் விஷமான அம்மோனியாவின் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். அதில் இரண்டு மணி நேரம் மீனை ஊற வைத்திருக்கிறீர்கள்.

பையைத் திறக்காமல் தனித்தொட்டியில் இருபது நிமிடம் மிதக்க விடுங்கள், சூடு சமமாகட்டும். திறந்ததும் உடனே மீனை மட்டும் எடுத்து விட்டுவிடுங்கள், பைத் தண்ணீர் சாக்கடைக்கு. 'உப்பு வித்தியாசம்?' என்பீர்கள். நம் ஊரில் பல கடைகள் உப்பளவை (ஒப்படர்த்தி எண்ணில்) 1.018, 1.020 என்று குறைவாகத்தான் ஓட்டுகின்றன. விற்றவரிடம் முன்கூட்டியே கேட்டு, தனித்தொட்டியை அதே அளவில் வைத்திருங்கள். பிறகு ஒரு வாரத்தில் மெதுவாக 1.025க்கு ஏற்றிக்கொள்ளலாம். உப்பு இறங்குவதை மீன் தாங்கும், சட்டென்று ஏறுவதைத் தாங்காது. அளக்க ரீஃபிராக்டோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே கணக்கு மாறிவிடும்.

கேள்வி: புது மீனைத் தனித்தொட்டியில் வைக்க, கடைக்காரர் ஒரு வாரம் போதும் என்கிறார், நண்பர் ஒரு மாதம் என்கிறார். யார் சொல்வது சரி?
*வாசகர், மதுரை*

பதில்: நண்பர். வெள்ளைப் புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீன் உடம்பில் மூன்று முதல் ஏழு நாள்தான் இருக்கும். அப்புறம் தானாக உதிர்ந்து அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். புள்ளி மறைந்ததும் 'குணமாயிடுச்சு' என்று நாம் பெரிய தொட்டிக்கு மாற்றுவது சரியாக அந்த நேரத்தில்தான். அடியில் ஒட்டியது பெரும்பாலும் நாலு வாரத்துக்குள் வெடித்து நூற்றுக்கணக்கில் கிளம்பும், ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். நாலு வாரத்துக்கு மேலும் அடியிலேயே காத்திருந்தவை உண்டு, பெரிய தொட்டியில் ஒருமுறை நுழைந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்துவிட்டு 76 நாள் காலியாகப் போட வேண்டும் என்று சொல்வது அதனால்தான். முப்பது நாள் தனியாக வைப்பதா, எழுபத்தாறு நாள் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதா, நீங்களே சொல்லுங்கள். ப்ளூ டாங் வாங்குகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும், அந்த மீன் இந்த நோயைத் தேடிப் போய் வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: தனித்தொட்டியில் ஒட்டுண்ணியைக் கொல்ல காப்பர் (தாமிர) மருந்து போடுகிறேன். காலையில் அளந்தால் பாதிதான் இருக்கிறது. மருந்து போலியா?
*வாசகி, திருச்சி*

பதில்: தொட்டிக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! நானும் ஆரம்பத்தில் இதே கேள்வியோடு அலைந்தவன்தான். மீன் ஒளிய இடம் வேண்டுமே என்று பெரிய தொட்டியிலிருந்து ஒரு உள்ளங்கையளவு கல்லை எடுத்து வைத்திருந்தேன். ராத்திரி காப்பர் சரியாக இருக்கும், காலையில் குறைந்திருக்கும், நான் மறுபடி ஊற்றுவேன். சுண்ணாம்புக் கல் காப்பரை உறிஞ்சும் என்று தெரிந்ததும் கல்லைத் தூக்கினேன், ஆனால் அதற்குள் கணக்கு கையை விட்டுப் போய்விட்டது, ஒரு மீனும் போய்விட்டது. கல்லும் மணலும் பவளத்துண்டும் தனித்தொட்டியில் கூடாது. ஒளிவதற்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற பிவிசி எல்போ நாலு போதும். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

அளவு மருந்தைப் பொறுத்தது. சாதாரண காப்பர் சல்பேட் என்றால் 0.15 முதல் 0.20 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), இதற்கு மேலே விஷம், கீழே பிரயோஜனமில்லை. கீலேட் செய்யப்பட்டது (காப்பரை வேறொரு வேதிப்பொருளோடு பிணைத்தது) என்றால் பெரும்பாலும் 2 பிபிஎம்மை ஒட்டி வரும். பாட்டிலைப் படிக்காமல் ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் அவ்வளவுதான். டெஸ்ட் கிட்டும் அந்த வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் முன்கூட்டியே கலந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இது முக்கியம்: காப்பர் இருக்கும் தண்ணீரில் அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனரை ஊற்றாதீர்கள். அவற்றில் பல காப்பரை இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். அம்மோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுவது ஒன்றுதான் வழி. மேலே ஸ்பாஞ்சுக்கு அவ்வளவு எழுதியது இதற்காகவும்தான்.

கேள்வி: கல் வேண்டாம் என்றால் பெரிய தொட்டிக்காவது ராமேஸ்வரம் போகும்போது இரண்டு பவளக்கல் எடுத்து வரலாமா?
*வாசகர், விருதுநகர்*

பதில்: கூடாது. கரையில் செத்துக் கிடந்தாலும் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, 2001லிருந்து. கடல் குதிரையும் அப்படித்தான், கடையில் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

கேள்வி: பட்டினப்பாக்கத்தில் வீடு. கடல் தண்ணீரையே எடுத்துத் தனித்தொட்டிக்கு ஊற்றலாமா? மே மாதத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது?
*வாசகி, சென்னை*

பதில்: அடையாறு முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது, ஊரின் கழிவு எல்லாம் அங்கேதான் வந்து சேர்கிறது, மழைக்காலத்தில் உப்பும் இறங்கிப்போகும். கரையோரத் தண்ணீரை நான் எடுக்க மாட்டேன்.

கரண்டுக்கு, பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி சார்ஜ் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சூடாக ஆக ஆக்ஸிஜன் குறையும், மே மாதச் சென்னையில் தொட்டி 31, 32 டிகிரிக்குப் போவது சாதாரணம், அந்த நேரத்தில் காற்று நின்றால் சில மணி நேரம் கூடத் தாங்காது. மேலே ஒரு சின்ன ஃபேன் ஓட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியாகிப் போன அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள், உப்புத் தண்ணீரை அல்ல. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலைத் துண்டைக் கட்டிவிடுங்கள், புது மீன் முதல் வாரம் கட்டாயம் துள்ளும். அப்புறம், கரண்ட் போன அன்று சாப்பாடு போடாதீர்கள்.